ஒட்டாத பூச்சும் ஒட்டுகிற பூச்சும்

என்னங்க, இன்றைக்கு டாக்டரம்மா ஓர் இடுப்பு மூட்டை என் கையில் கொடுத்தார். எனக்கு வைக்கப்போகிறது இது மாதிரிதானாம். இரும்புதான், ஆனால் தடவினால் சொரசொரவென்று, கொட்டலசுச் சிப்பி ஒட்டிய கப்பலின் அடி போல இருந்தது. அதைச் சுரண்டிவிட்டு நீங்கள் வீட்டுக்கு வரும்போது வீசுமே ஒரு வாடை, அதுகூட வந்துவிட்டது.

"எலும்புல இருக்குற சுண்ணாம்புச் சத்த இதுமேல பூசியிருக்கும்மா. உங்க எலும்பு தானா வளந்து பிடிச்சுக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு. கப்பலில் எதுவும் ஒட்டக்கூடாதென்று நம் தீவின் ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் காலமெல்லாம் பெயிண்ட் அடித்த மனுஷன் நீங்கள். இங்கே ஒட்டுவதற்கு ஒரு பூச்சாம்!

அன்றைக்கு இது ஏது? டெலானிபூர் சரிவில் மழையில் வழுக்கித் தொடையை முறித்துக்கொண்டேன். கப்பலேற்றி மெட்ராஸ் கொண்டுபோனீர்கள். வழவழவென்று ஒரு தகடு வைத்தார்கள். ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் திருகாணி ஆடிவிட்டது. எலும்பு பிடிக்கவில்லை என்று அதைக் கழற்றி, மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். இனி நடப்பதே சந்தேகம் என்றார்கள்.

உங்கள் அண்ணன் என் காதுபடவே சொன்னார்: "இவள மெயின்லேண்டுக்கு அனுப்பிட்டு வேற பொண்ணு பாருடா."

"சாப்பிட்டுட்டுப் போண்ணே. ரசம் நான் வச்சது" என்றீர்கள். அவ்வளவுதான்.

கப்பலை ஜஹாஜ் என்கிற பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் வாசலில் நின்று கேலி செய்தார்: "அரே மதராசி, ஜஹாஜ் சுரண்டுற கையால பீவிக்குத் தலை வாருறியா?"

"ஹாங் தாதா. ஜஹாஜ் இவள மாதிரித் திட்டாது."

சிக்கெடுக்கத் தெரியாமல் பிடுங்கினால் திட்டாமல் என்ன செய்வது?

பழைய கப்பல் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் கட்டினீர்கள், பிடித்து எழுந்து உட்கார. நான் பயந்து அழுதேன். "ஏ புள்ள, பாரத்தக் கயித்துல போடு. பயத்த எம்மேல போடு" என்றீர்கள்.

எலும்பு ஒட்டியது. கொஞ்சம் கோணலாகத்தான். அந்தக் காலோடுதான் இத்தனை வருஷமும் இந்தத் தீவில், உங்கள் வீட்டில் நடந்தேன்.

இப்போது இடுப்பு மூட்டு தேய்ந்த பிறகும், மறுபடி இரும்பா என்று இத்தனை நாள் மறுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே கயிறு இல்லை, பக்கத்தில் நீங்களும் இல்லை. ஆனாலும் எழுந்திருக்கும்போது கை தானாக மேலேதான் போகிறது. எழுந்தும் விடுகிறேன்.