அம்மாவின் ரத்தத்தில் தேடியது

ஜனவரி 19, திங்கள்

வெள்ளிமலை முழுக்கப் பனி. பனி என்றாலே மலருக்குக் கால்வலி. இன்றும் பள்ளிக்கூடம் இல்லை. அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோய். நானும் அவரும் ஆளுக்குப் பாதி கொடுத்தது. எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆறு வயதுக் குழந்தையைப் போட்டு முறுக்குகிறது.

வயிற்றில் இருப்பதற்கும் இருக்குமோ? கள்ளக்குறிச்சி டாக்டரம்மா புதுப் பரிசோதனை ஒன்று சொன்னார்கள். வயிற்றில் ஊசி குத்த வேண்டாமாம். என் கையில் எடுக்கும் ரத்தத்திலேயே குழந்தையுடையதும் கொஞ்சம் கலந்திருக்குமாம். ஒத்துப்பார்க்க அவர் ரத்தமும் வேண்டும்.

நாளை போக வேண்டும். வரும்போது மலருக்கு மாத்திரை, கம்பளி சாக்ஸ், துவரம்பருப்பு.

ஜனவரி 20, செவ்வாய்

அவர் வரவில்லை. மரவள்ளி லோடாம். "எனக்கு இன்னா நோவு? நான் எதுக்கு ரத்தம் குடுக்கணும்?"

அத்தை அதற்கு மேல். "ஆணா பொண்ணான்னு பாக்கத்தான போய்க்கினு இருக்க?"

தனியாகப் போனேன். மலை இறங்கும்வரை பஸ்ஸில் வாந்தி. ரத்தம் எடுக்கும் பெண் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "வூட்டுக்காரரு எங்கம்மா? அவரு இல்லாம பண்ண முடியாதும்மா. ரெண்டு பேருமா வாங்க."

திரும்பி வந்தேன். சாக்ஸ் வாங்க மறந்துவிட்டது.

ஜனவரி 23, வெள்ளி

நேற்று மத்தியானம் மலர் வலியில் கத்திய கத்தலை அவர் பக்கத்தில் இருந்து கேட்டார். இன்று காலையில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சி போய் இருவரும் ரத்தம் கொடுத்தோம். ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

போன். வரச் சொன்னார்கள். போனால், முடிவு தெரியவில்லையாம். என் ரத்தத்தில் குழந்தையுடையது கம்மியாம். மறுபடி கொடுக்க வேண்டும். கம்மி என்றால் நான் என்ன செய்வது? யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

டாக்டரம்மா: "காத்திருக்க வேணாம்னா வயித்துல ஊசி போட்டுப் பாத்துடலாம். கலையறதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கும்மா."

வேண்டாம் என்றேன். மறுபடியும் கை நீட்டினேன். இந்தத் தடவை நரம்பு அகப்படவில்லை. இரண்டு கையிலும் குத்து.

திரும்பும் வழியில் அவர் கேட்டார். "இருந்துச்சுன்னா இன்னா பண்றது?"

"தெரியாது."

"தெரியாமத்தான் இவ்ளோ அலையறமா?"

"தெரிஞ்சா நீ சொல்லேன்!" கத்திவிட்டேன். கோமுகி அணை தாண்டியும் அவர் பைக்கை விரட்டிக்கொண்டே வந்தார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒன்றும் வரவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வாழ்த்துச் சொன்னாள். சிரித்து வைத்தேன். போன் அடித்தால் ரீசார்ஜ் கம்பெனி.

பிப்ரவரி 24, செவ்வாய்

வந்துவிட்டது. எங்களைப் போலத்தான், பாதி. நோயாக வர வாய்ப்பு ரொம்பக் கம்மியாம். பிறந்ததும் ஒரு தடவை உறுதி பண்ண வேண்டும். அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

வீட்டில் அத்தை: "ஆணா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குடி இத்தினி நாளா அலைஞ்ச?"

அவர் மலரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனையோ நாள். "நம்ம பாப்பாவுக்கு உன்ன மாதிரி கால் வலிக்காதும்மா!"

மலர் தன் காலைத் தடவிக்கொண்டாள்.

"அப்போ எனக்கு மட்டுந்தான் வலிக்குமாப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். அவளும்.