இலை போன்ற கட்டி

செவ்வாய்க்கிழமை. எழுதினாலாவது கோபம் தணிகிறதா பார்க்கிறேன்.

போன மாதம் என் மார்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்பதால் ரிசல்ட் வாங்க என் கணவர் போனார். "ஃபில்லோடஸாம். இலை மாதிரின்னு அர்த்தம். புற்றுநோய் இல்லை லா, விடு" என்றார். நானும் நம்பி, சிங்கப்பூர் தேக்காவில் இருக்கும் என் தையல் கடையைத் திறந்துவிட்டேன்.

இன்று மருத்துவமனையிலிருந்து தாதி அழைத்தார். "ரெண்டாவது ஆப்பரேஷனுக்கு ஏன் வரலை?"

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். டாக்டர் படத்தைக் காட்டினார். நுண்ணோக்கியில் அந்தத் திசு இலை இலையாக மடிந்து தெரிகிறது. அதனால்தான் கிரேக்கச் சொல்லில் அந்தப் பெயர். அது உருவத்தைச் சொல்கிறதே தவிர, நல்லதா கெட்டதா என்று சொல்வதில்லையாம். என்னுடையது புற்றுநோய் இல்லைதான். ஆனால் வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருக்கிறது, விட்டால் திரும்ப வளரலாம். இதையெல்லாம் அன்றே என் கணவரிடமும் சொன்னாராம்.

வீட்டில் கேட்டேன். "நீ பயந்துடுவே. பெருநாள் கழிச்சு சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

"என் உடம்பு மச்சான். எனக்குப் பாதி மட்டும் சொல்ல நீங்க யாரு?"

அவர் அழுதார். எனக்கு இரக்கமே வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூட வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"வாங்க. டாக்டர் பேசும்போது மட்டும் வெளியே உட்காருங்க" என்றேன்.