ஆயுத பூஜைக்கு நிறுத்திய சர்வர்

என்னங்க,

நீங்கள் இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்? இந்த ஒரு சொல்லுக்கு எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள், அது போதும்.

பங்குனியில் போனீர்கள். கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். பாப்பா ஒன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். எனக்கு அதே சிப்காட் வேலை, அதே கம்பெனி பஸ். ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டது, உங்கள் ஸ்வெட்டரை நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் சர்வரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, லினக்ஸ் போட்டு, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே குடிவைத்தீர்கள். என்னைவிட அதனோடுதான் அதிக நேரம் இருக்கிறீர்கள் என்று அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். ஆனால் பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதில்தான். செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் அவளுக்காகப் பேசிப் பதிந்த கதைகளும் அதில்தான். தேன்கனிக்கோட்டைக் காட்டு யானை ராகிக் கொல்லையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, நடக்க முடியாமல் ஓசூர் பஸ்ஸில் ஏறுமே, அந்தக் கதை இல்லாமல் அவள் இன்றும் தூங்குவதில்லை. போனை அழுத்தினால் சர்வரிலிருந்து உங்கள் குரல் வரும்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மிஷின்களை நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, ஓய்வு கொடுப்பீர்கள். வீட்டில் சர்வருக்கும் அதே மரியாதை. இந்த வருடம் நான் செய்தேன். யூபிஎஸ் இருப்பதால், நீங்கள் போனபின் கரண்ட் போனாலும் அது ஒருமுறைகூட நின்றதில்லை. நிறுத்தித் துடைத்து, சந்தனம் வைத்தேன். ராயக்கோட்டையிலிருந்து உங்கள் அப்பா வந்திருந்தார், மாமாதான் சூடம் காட்டினார்.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால் எழுந்திருக்கவில்லை. டிவியின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிசையாக ஓடி, எதற்கோ காத்திருந்து, அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதேதான். "அப்பா கதை வரலியா?" என்று பாப்பா போனைக் காட்டினாள்.

உங்களோடு வேலை பார்த்த மஞ்சுவைக் கூப்பிட்டேன். அத்திப்பள்ளியிலிருந்து உடனே வந்தார். வந்ததும் முதல் கேள்வி, "சிஸ்டர், பேக்கப் டிஸ்க் எங்க? பின்னாடி சொருகியிருப்பாரே, கறுப்பா, சின்னதா."

நான் அலமாரி முழுக்கத் தேடினேன். மாமா என் பின்னாலேயே வந்தார். கடைசியில், "அது அவங்கிட்டதான் இருக்குதும்மா," என்றார்.

உங்களை மண்ணில் வைத்த அன்று, உங்களுக்குப் பிடித்த சட்டையையும் வெற்றிலை பாக்கையும் கூட வைத்தோம். அதோடு மாமா இதையும் வைத்திருக்கிறார். "ஊருக்கு வரப்பல்லாம் அத்த எடுத்துக்கினுதான் வருவான். அதுலதான் பாப்பா படம் காட்டுவான். அவனுக்கு வேணும்னு நெனச்சேன். தண்ணி படாம கவர்ல சுத்தித்தாம்மா வெச்சேன்."

மஞ்சு தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே இருக்கும் டிஸ்க் போயிருந்தால் வேறு பிரதி கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். மாமா எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "அப்ப தோண்டி எடுத்துர்லாம்மா. நானே எடுக்கறேன். வேற ஆளு கை வெக்க வேணாம்."

பாப்பாவுக்கு உங்கள் குரல் வேண்டும். அதற்காக உங்களைத் தொந்தரவு செய்யலாமா? உங்களைத்தான் கேட்க வேண்டும், உங்களைக் கேட்க முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

அழுது முடித்து, "மொதல்ல அது என்ன சொல்லுதுன்னு படிக்கலாம் மாமா, உக்காருங்க," என்றேன். கம்பெனி குவாலிட்டி செக்கிங்கில் எனக்கு அதுதானே வேலை, நன்றாகப் பார்க்காமல் எதையும் கழிக்க விடமாட்டேன். மஞ்சுவை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தினார்.

"உள்ள இருக்கற டிஸ்க் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். சுவிட்ச் போட்டதும் எந்தெந்த டிஸ்க் வரணும்னு ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிருக்காரு. அந்தக் கறுப்பு டிஸ்க்குக்காகத்தான் இது காத்துட்டிருக்கு. அது வராம மேல போகமாட்டேங்குது."

ஓடிக்கொண்டிருந்தவரை அதற்கு ஒன்றும் தெரியவில்லை. நின்று எழுந்தபோதுதான் தேடியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான். வேலை நாளில் ஓடிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால்தான் நீங்கள் இல்லாதது தெரிகிறது.

"அந்த வரிய அழிச்சிடலாம் சிஸ்டர், வேலை முடிஞ்சிது," என்றார் மஞ்சு. நான் கீபோர்டை வாங்கிக்கொண்டேன். அழிக்காமல் வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். அந்த வரியில் நோஃபெயில் என்று ஒரு சொல் சேர்த்தால் போதுமாம். அந்த டிஸ்க்கைத் தேடும், வரவில்லையென்றால் மேலே போய்விடும். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான்தான் தட்டினேன்.

எழுந்துவிட்டது. பாப்பா போனை அழுத்தினாள். யானை பஸ் ஏறியது, நீங்கள் கண்டக்டர் குரலில் டிக்கெட் கேட்டீர்கள். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றி மஞ்சு வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். மாமா மட்டும் போன் செய்யும்போதெல்லாம், "தப்பு பண்ணிட்டனாம்மா?" என்று கேட்கிறார். இல்லை மாமா என்கிறேன். நிஜமாகவே இல்லைதான். பாப்பா முதல் அடி வைத்தது, காது குத்தியது, எல்லாம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட.

உங்களுக்கு என் வாக்கு இது. அங்கே யாரும் மண்வெட்டி வைக்க விடமாட்டேன். இங்கே அந்த வரியையும் யாரும் அழிக்க விடமாட்டேன். ஒவ்வொரு முறை எழும்போதும் இந்த வீடு உங்களை ஒருதரம் தேடும். நானும் தேடிவிட்டு, பாப்பாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி, பாப்பாவின் அம்மா