பெட்டியில் போட்ட பெயர்

ஞாயிறு, இரவு

இன்று நெடுங்கேணியில் ஒரு சின்னச் சபையில் எங்கள் மஜிக். "உங்கட பாவத்தை எழுதிப் பெட்டிக்குள்ள போடுங்கோ" என்று சொல்வதுதான் என் கணவருடைய வழக்கம். எழுதிய காகிதத் துண்டுகள் பெட்டியின் இரகசிய அடித்தட்டில் ஒளிந்துகொள்ள, வெற்றுத் துண்டுகள் மேலே வரும். கர்த்தர் அழித்துவிட்டார் என்று எல்லாரும் கைதட்டுவார்கள். பாவத்தை எழுத ஆட்கள் கூசுகிறார்களென்று, இன்று மட்டும் "பாரத்தை எழுதுங்கோ" என்றுவிட்டார்.

பெட்டியைத் திறந்ததும் ஓர் அம்மா எழும்பினார். "காணாமல்போன என்ர மகன்ர பேரை எழுதினனான். அதையும் அழிச்சுப்போட்டீங்களோ?"

தொழில் இரகசியமாவது மண்ணாவது என்று, கூட்டம் முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு அடித்தட்டைத் திறந்து காட்டினேன். எல்லாத் துண்டிலும் எழுத்து அப்படியே இருந்தது. அந்த அம்மா நாலாக மடித்துப் போட்ட துண்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"பேரைச் சொல்லுங்கோ அம்மா, நான் எழுதித் தாறன்."

மூன்று தரம் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். "நீயாவது மறந்திடாதை பிள்ளை" என்று என் கையைப் பிடித்தார்.

அந்தப் பெயரை எழுதி வைக்கத்தான் இப்போது கொப்பியை எடுத்தேன். பெயர் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் நின்று கேட்ட இவருக்கும் ஞாபகமில்லையாம்.

அந்த அம்மாவின் கையிலிருக்கும் துண்டில் இப்போது என்ன இருக்கிறதோ.