மெஷின் ரிப்பேர் என்று சொன்ன திங்கட்கிழமை

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி உடைந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். வீட்டுக்கு சமையல் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினில் ஹீலியம் அளவு சரி. அதைக் குளிரவைக்கிற சில்லர் சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, இன்ஜினியருக்குச் சொல்லியாச்சு.

இன்றைய கேஸ்: முதுகு, முதுகு, முழங்கால், தலை, மறுபடியும் முதுகு. இந்த ஊரில் முதுகு நன்றாக இருக்கிறவர் யாராவது உண்டா என்று தெரியவில்லை. தாலிச் சரட்டிலிருந்து கழற்றிய ஊக்கு கை நிறைய. தாலியைக் கழற்றச் சொன்னால் கண் கலங்குகிற பெண்கள், அதில் தொங்குகிற இரும்பு ஊக்கை மறந்தேபோகிறார்கள். மெஷினுக்குள் இருக்கிற காந்தம் இழுத்துவிடும், எனக்குப் பயமே அந்த ஊக்குதான். போட்டுவைக்கிற ஊறுகாய் பாட்டில் பாதி நிறைந்துவிட்டது. யாரும் திரும்பக் கேட்பதில்லை.

வேறொன்றை எழுத உட்கார்ந்துவிட்டு ஊக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் ஒருவரை ஸ்கேன் எடுக்காமல் திருப்பி அனுப்பினேன். சின்னையன். கல்வராயன் மலை, வெள்ளிமலைக்கும் அப்பால் ஏதோ ஊர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கை மரத்துப்போகிறது, நடந்தால் கால் பின்னுகிறது. கழுத்தில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க எழுதியிருந்தார்கள். படம் வந்த பிறகுதான் ஆபரேஷன் பற்றி முடிவு. கூட மனைவி ராமாயி, பையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

எல்லோரையும் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன். முன்னால் ஆபரேஷன்? கம்பி, பிளேட்? பேஸ்மேக்கர்? உடம்பில் எங்காவது இரும்புத் துண்டு, குண்டு? எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "ஒன்னும் இல்லீங்க." குண்டு என்றபோது மட்டும் ராமாயி கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே செக்யூரிட்டி பலராமன் அண்ணன் நின்றிருந்தார். வேறு யாரும் இல்லை.

அவருடைய இடது கண்ணோரம் மிளகளவு வடு. சட்டையைக் கழற்றியபோது தோளில் அதே மாதிரி மூன்று.

"இது என்னங்க?"

"அம்ம போட்டதுங்க."

அம்மை நாலு இடத்தில் மட்டும் போடுமா. போடலாம்.

"நீங்க சொல்றத நான் நம்பல" என்று ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. பழக்கடைக்காரர் அழுகலைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். அதனால், "மெஷின் திடீர்னு ரிப்பேருங்க. புதன்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"விடியறதுக்கு முன்னாடியே பொறப்பட்டு வந்தோங்க" என்றாள் ராமாயி. கோபமாகக்கூட இல்லை. பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டது. குடை இன்னும் வாங்கவில்லை.

டீ நேரத்தில் பலராமன் அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார். "மலைக்காரங்க என்னப் பாத்தாலே சுத்திக்கினு போறாங்க மேடம். நா இன்னா, கடிக்கவா போறேன்?"

எக்ஸ்ரே சேகர் மலையடிவாரத்துக்காரன். "பின்ன இன்னாண்ணே, இந்தக் காக்கிய மாட்டிக்கினு நின்னா ஃபாரஸ்டு ஆளு மாதிரியேதான இருக்கற" என்றான். எல்லோரும் சிரித்தோம். நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

பிறகு சேகரைத் தனியாகக் கேட்டேன். காட்டுப்பன்னிக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்கிறவர்கள் சிலர் இருக்கிறார்களாம். ஈயக் குண்டு கிடைக்காவிட்டால் சைக்கிள் பால்ரஸைக் குழலுக்குள் போட்டு இடிப்பார்களாம்.

"இருட்டுல ஆளு மேல பட்டுடறதும் உண்டு மேடம். வெளிய மூச்சு வுட மாட்டாங்க. சொன்னா கேஸு. சுட்டவன் யாரு, மாமன் மச்சானாத்தான இருப்பான்?"

பால்ரஸ் என்றால் எஃகு உருண்டை. எங்கள் காந்தமோ ஸ்கேன் ஓடாத நேரத்திலும் இழுத்துக்கொண்டே இருக்கிற காந்தம். சுவிட்சை அணைத்தால் அடங்கிவிடும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அந்த வடுவுக்குள் குண்டு இருந்து அவரை உள்ளே அனுப்பியிருந்தால், கண்ணோரத்துச் சதையில் கிடக்கிற எஃகு அசைந்து திரும்பியிருக்கும். கண் போயிருக்கும்.

காக்கிச் சட்டை போட்டவரைக் கதவில் நிற்க வைத்துக்கொண்டு, "குண்டு இருக்கா" என்று கேட்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கேட்கிறேன். எத்தனை பேர் அவரைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று சொன்னார்களோ.

ரேடியாலஜி டாக்டர் லீவில் இருக்கிறார். போனில் சொன்னேன். "நிறுத்தினது சரிம்மா. முதல்ல கண்ணுக்கும் தோளுக்கும் எக்ஸ்ரே எடுத்துடு, அப்புறம் பாத்துக்கலாம். ஆனா ரிப்பேர்னு ஏன் சொன்ன?" என்றார்.

நாளைக்கு:
- ப. அண்ணனை வெளி கேட்டுக்கு அனுப்ப
- ராமாயியை உடை மாற்றும் அறையில் தனியாகக் கேட்க
- சேகரிடம் எக்ஸ்ரேவுக்குச் சொல்லி வைக்க
- சிலிண்டர்

அக்டோபர் 29, புதன்

வரவில்லை.

போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் டவர் கிடைக்காதது புதிதில்லை. பஸ் தவறியிருக்கும். களையெடுப்பு இருக்கும். கால் ரொம்ப மோசமாகியிருக்குமோ. நாளை வருவார்கள். கதவு திறக்கிற சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

மணலூர்பேட்டையிலிருந்து அம்மா போன். மழையில் நெல் சாய்ந்துவிட்டதாம். என்ன பேசினேன் என்றே நினைவில்லை. "நான் பேசறது காதுல வுழுதா இல்லயா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டில் இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "சாம்பார்ல உப்பு போட்டியா?" என்றார். போடவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

வேலைக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலை பஸ் கண்டக்டரைப் பிடித்தேன். மேலே மருந்து, பார்சல், சேதி எல்லாம் அவர் கையில்தான் போகும். அவரிடம் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன்.

"சின்னையனா? நேத்து காலைல நம்ம வண்டிலதான் எறங்குனாரு. சேலம் பஸ்ஸுல ஏத்திவுட்டதே நாந்தாங்க. இங்க மெஷினு ரிப்பேராமே? அது எப்ப சரியாவுமோன்னுட்டு அங்க போய் எடுத்துக்கினு வரேன்னாரு."

ரிப்பேர் இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. எந்த சென்டர் என்று மட்டும் கேட்டேன், தெரியாது என்றார்.

நேற்று காலை இதே பஸ் ஸ்டாண்டில் இருந்திருக்கிறார்கள். இங்கிருந்து ஆஸ்பத்திரி ஷேர் ஆட்டோ தூரம். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோது என் பொய் அவர்களைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டது. அவர் கண்ணைக் காப்பாற்ற நினைத்து, அந்த வடுவைப் பார்த்திராத ஒரு இடத்துக்கு நானே துரத்தியிருக்கிறேன்.

சேலத்தில் எத்தனை ஸ்கேன் சென்டர்! கூடப் படித்த கவிதா அங்கே ஒன்றில் இருக்கிறாள். போன் போட்டேன். சின்னையன் அவள் இடத்துக்கு வரவில்லை. "பேரு போடாத, விஷயத்த மட்டும் எழுதி அனுப்பு, எங்க டெக்னீஷியன் குரூப்ல போடறேன்" என்றாள். எழுதி அனுப்பினேன்: மலைக்காரர், ஆண், கழுத்து ஸ்கேன், இடது கண்ணோரம் குண்டு இருக்கலாம், கேட்டால் இல்லை என்பார். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஐந்தாறு, கும்பிடு இரண்டு. பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நேற்றே எடுத்திருந்தால் எல்லாம் நேற்றே முடிந்திருக்கும். நான் உப்பில்லாத சாம்பார் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

பழம் கறுத்துவிட்டது. தூக்கிப் போடவும் மனசில்லை.

நவம்பர் 1, சனி

ராமாயி வந்தாள். தனியாக.

உடை மாற்றும் அறைக்குள் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். "அவர் எங்க?" என்று கேட்கவே பயமாக இருந்தது.

"சேலத்துல சேத்துருக்குதுங்க. இங்க வுட்டுட்டுப் போன ரத்தம் பாத்த சீட்டு வேணுமாம்" என்றாள். அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"அங்கயும் ஒரு பொண்ணு இதே கேள்விதாங்க கேட்டுது. இவரு ஒன்னும் இல்லன்னுட்டாரு. நானும் வாய மூடிக்கினு இருந்தேன். உள்ள இட்டுக்கினு போவ கதவத் தொறந்துதுங்க. எனக்கு மனசு கேக்கல. அவரு சட்டையப் புடிச்சி இழுத்துக் கத்திட்டேன். கண்ணாண்ட குண்டு இருக்குது, எந்தம்பி சுட்டது, பன்னின்னு நெனச்சி சுட்டுட்டான்னு."

எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். கண்ணோரம் ஒன்று, தோளில் மூன்று. காந்த ஸ்கேன் கிடையாது என்று சொல்லி, முதுகில் மருந்து ஏற்றி, காந்தம் இல்லாத சி.டி. ஸ்கேன் எடுத்தார்களாம். நரம்பு அழுந்துவது உறுதி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

கண் பத்திரம். அதைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டேன். இந்த வாரத்தில் முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு விட்டேன்.

அவள் முடிக்கவில்லை. "நான் கத்துனத அங்க இருந்த ஜனம் பூரா கேட்டுது. சாயந்திரம் போலீசு வந்து எழுதிக்கினு போச்சு. தம்பிக்கிட்ட சொல்லத்தான் இப்ப மேல போறேன். இவரு அன்னிலருந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. எங்கம்மா வூட்டுல இனிமே வாசப்படி மிதிக்க வுடுவாங்களான்னு தெரில."

சீட்டைத் தேடிக் கொடுத்தேன். வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள். அடுத்த அறையில் ஸ்கேன் ஓடுகிற சத்தம் தடதடவென்று வந்துகொண்டிருந்தது.

"உங்க மெஷினு அன்னிக்கும் நல்லாத்தான இருந்துது?"

"ஆமாங்க" என்றேன்.

"என்னத் தனியா இட்டாந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா உங்ககிட்ட மட்டும் சொல்லியிருப்பேங்க."

மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அவள் என்னிடம் சொல்லியிருந்தாலும் நான் டாக்டரிடம் சொல்லியிருப்பேன். அவரும் எழுதித்தான் ஆக வேண்டும். போலீஸ் இங்கேயும் வந்திருக்கலாம். சாயந்திரத்திலிருந்து இதையே சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் நான்கு பேர் நடுவில் தன் தம்பியைக் காட்டிக்கொடுத்துக் கத்துகிற நிலைமை அவளுக்கு வந்திருக்காது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

நல்ல வெயில். ஹீலியம் சரி. சில்லரைப் பார்க்க இன்ஜினியர் மதியம் வருகிறார். சிலிண்டர் வந்துவிட்டது.

பலராமன் அண்ணனிடம் விஷயத்தை அரைகுறையாகச் சொல்லி நாற்காலியை மருந்துக்கடைப் பக்கம் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். "சட்டதான் பிரச்சனன்னா கழட்டிட்டு பனியனோட நிக்கவா மேடம்?" என்றார். ஆனால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முதல் கேஸ், திருநாவலூர்க்காரர் ஒருவர், முதுகு. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் மனைவியை மட்டும் உடை மாற்றும் அறைக்குள் கூப்பிட்டேன். கதவைச் சாத்தியதும் அந்தம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாங்க மேடம், எதுனா பெரிய வியாதியா? எங்கிட்ட சொல்லிடுங்க."

"அதெல்லாம் இல்லம்மா. அவர் உடம்புல எங்கயாவது இரும்பு, குண்டு, எதாவது இருக்கா? யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்தாலும் பரவால்ல, என்கிட்ட சொல்லுங்க."

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே கதவைப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

"ஒன்னும் இல்லீங்க."

முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நீங்க சொல்றத நான் நம்பலம்மா" என்றேன்.