அப்சர் வீட்டுக்கு நான் சொன்ன விலை

நீடாமங்கலம்
18.11.1996

அன்பு மகன் சித்தீக்குக்கு அம்மா ஹமீதா பானு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் மருமகள் ஹஃப்ஸாவும் பேத்தி ஷிஃபாவும் நல்ல சுகம். உன் அத்தாவின் தொண்டை மட்டும் தேவைக்கு மேலேயே சுகமாக இருக்கிறது, அதனால் வந்த வினையைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஏசியை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு படுக்காமல், உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீ பூத்துக்குப் போன் செய்தபோது, எதிர்வீட்டு அப்சர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு மெட்ராஸுக்குப் போகப் போவதை உன் அத்தா சொன்னார் அல்லவா. நீயும் எத்தனை காலம் வாடகை வீட்டில் இருப்பது, ஆறு வரைக்கும் கேட்டாலும் முடித்துவிடுங்கள் என்றாய். ஏதோ ஆறு வடை வாங்கச் சொல்வது போலச் சொல்லிவிட்டாய். அதைக் காதில் வாங்கி மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம் உன் அத்தா. ஷார்ஜா தூரத்தில் இருப்பதால் கத்தினால்தான் கேட்கும் என்று இன்றைக்கும் நம்புகிற மனிதர், "ஆறா? ஆறு லட்சமா? சரிப்பா, ஆறே குடுத்துடுவோம்" என்று பூத்துக் கண்ணாடி அதிரக் கத்தினார். அங்கிருந்து இரண்டு கடை தள்ளித்தான் அப்சரின் எலக்ட்ரிக் கடை. அதுவரை ஐந்து லட்சம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள், மறுநாள் காலையில் பால் வாங்க நின்ற என்னிடம் வந்து, "கும்பகோணத்துப் பார்ட்டி ஒண்ணு ஆறரைக்கு நிக்கிது தங்கச்சி, பாத்திரக்கடைக்காரங்க, முழுசும் ரொக்கம். நம்ம சித்தீக்குங்கறதால ஆறுக்கு விட்டுத் தர்றேன்" என்றார். நம்ம சித்தீக்காம். நீ ஊரில் வேலையில்லாமல் நின்ற வருஷம் அவர் கடையில் போய்க் கேட்டபோது எந்த சித்தீக் என்று கேட்ட அதே வாய்.

நீ ஆறு என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன் கையில் இருப்பது மூன்று லட்சத்து அறுபதாயிரம். மீதிக்கு அரபியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாய். ஹஃப்ஸாவிடம் அதைச் சொல்லும் வேலையையும் என் தலையில் கட்டுவாய். நீ மாதம் எட்டாயிரம் மிச்சம் பிடிக்கிறாய், அப்படியானால் ஒரு லட்சம் என்பது உனக்கு ஒரு வருஷத்துக்கு மேல். அப்சர் வாய்க்கு வந்ததை ஏற்றிச் சொல்லச் சொல்ல, உன் வயதில் ஒவ்வொரு வருஷமாகக் கேட்பது போலத்தான் எனக்குப் பட்டது. அதனால் எவ்வளவு சொல்வது என்கிற பொறுப்பை உன் அத்தாவிடமிருந்து அன்றைக்கே பிடுங்கிக்கொண்டேன். அவரும் சந்தோஷமாகவே கொடுத்துவிட்டார்.

ஐப்பசி நடுவில் மூன்று நாள் விடாமல் மழை ஊற்றியது. இரண்டாம் நாள் ஹஃப்ஸாவைக் கூட்டிக்கொண்டு ஒரே குடையில் வீடு பார்க்கப் போனேன். அப்சருக்கு முகமே சரியில்லை, வெயில் வந்ததும் வரலாமே தங்கச்சி என்றார். உள்ளே போனால் அடுப்படியில் மூன்று சட்டியும் ஓர் அண்டாவும் ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தன. இது என்ன அண்ணே என்றேன். "இந்த வீட்டுல தண்ணிக் கஷ்டமே வந்தது இல்லம்மா" என்றார், கொஞ்சமும் கூசாமல். கொல்லைப் பக்கத்துச் சுவரில் விரல் நுழைகிற விரிசல் இருந்தது, காற்றோட்டம் என்று சொல்லிவிடுவாரோ என்று அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, நடு அறைகள் நல்ல அறைகள், பதினோரு குழி மனை, கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. ஹஃப்ஸா கூடத்து ஜன்னலை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது.

அடுத்து, பத்திரம் எழுதுகிற வைத்தியலிங்கத்திடம் போனேன். அதே தெருவில் இதைவிடச் சின்ன வீடு இரண்டு வருஷம் முன்னால் நாலேகாலுக்குப் போயிருக்கிறது, இது ஒழுகாமல் இருந்தால் நாலு எண்பது பெறும், ஒழுகுவதால் நாலரை, மிஞ்சிப் போனால் இன்னும் பத்துப் பதினைந்தாயிரம் சேர்க்கலாம் என்றார். வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய சங்கதியைச் சொன்னார். வீடு இன்னும் அப்சருடைய அத்தா பெயரிலேயே இருக்கிறது. அப்சரின் தங்கை ஆசியா இருக்கிறாளே, பேராவூரணியில் கட்டிக்கொடுத்தது, உனக்கு முகம் மறந்திருக்கும், அவளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. அவள் விடுதலைப் பத்திரம் எதுவும் எழுதித் தரவில்லை. தங்கைக்கு எப்போதோ கொடுத்துத் தீர்த்துவிட்டேன் என்று அப்சர் இருபது வருஷமாக ஊரில் சொல்லிவந்தது காற்றில் எழுதின கணக்கு. கும்பகோணத்துப் பார்ட்டி என்று ஒன்று நிஜமாகவே வந்திருக்கிறது. இதே காகிதத்தைப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டதாம்.

இது எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்ததும் அப்சரே வீடு தேடி வந்தார். மெட்ராஸில் மகன் பிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டான், தை மாதக் கடைசிக்குள் பாக்கி கட்டாவிட்டால் அது போய்விடும். "நாலு முப்பதுக்கே எடுத்துக்குங்க தங்கச்சி. ஆசியா வாயத் தொறந்து கேக்குற பொம்பள இல்ல. பின்னால நானே ஒரு கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்றார். பள்ளிவாசலில் முதல் வரிசையை விட்டு நகராத மனிதர், தங்கை பங்கை முழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிற அழகைப் பார். உன் அத்தாவுக்கோ தலைகால் புரியவில்லை, நாலுக்கே அடித்துவிடலாம், ஆள் மாட்டிக்கொண்டான் என்று என் காதில் சொன்னார். இந்த ஒரு முறைதான் மெதுவாகப் பேசியிருக்கிறார். எனக்கும் ஆசை வராமல் இல்லை மகனே. நாலு முப்பது என்றால் நீ யாரிடமும் கை நீட்ட வேண்டாம். ஆனால் ஆசியாவைக் கேட்காமல் அவள் பங்கில் குடியேற மனம் வரவில்லை. மறுநாள் மன்னார்குடி போய், பட்டுக்கோட்டை போய், மூன்று பஸ் மாறிப் பேராவூரணி போனேன்.

ஆசியா தென்னந்தோப்பு ஓரத்தில் கூலிக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தாள். புருஷன் மௌத்தாகி ஒன்பது வருஷம். விஷயத்தைச் சொன்னதும் கோபப்படுவாள் என்று பார்த்தால் சிரித்தாள். "வருஷம் ஒரு பெருநாளைக்கு ஒரு சேலை குடுத்து விடும் எங்கண்ணன். அதுதான் என் பங்குன்னு நெனச்சுக்கிட்டேன் ஹமீதா" என்றாள். எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். எனக்கு என்ன தெரியும், நீ நியாயமா ஒரு விலை சொல்லு, அதுல என் பங்கு எவ்வளவுன்னு காதால கேட்டுக்கிறேன் என்றாள். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு நான் எங்கே போய் விலையைக் குறைப்பது. அப்சரை நெருக்கி நான் பிடுங்குகிற ஒவ்வொரு மூன்று ரூபாயிலும் ஒரு ரூபாய் இந்தக் கீற்றுக்காரி மடியிலிருந்து வருகிறது. அவளை அப்போதே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முந்தாநாள் நம் வீட்டில் வைத்தியலிங்கத்தை வைத்துக்கொண்டு பேசினோம். தங்கையைப் பார்த்ததும் அப்சர், "அவளுக்கும் தரணும்னா எனக்கு ஆறு வேணும்" என்றார். தங்கை பங்கையும் என்னிடமே வசூல் பண்ணுகிற கெட்டிக்காரத்தனம். நான் நாலு அறுபத்தைந்து என்றேன், ஒரு பைசா கூடாது, அதில் ஒன்று ஐம்பத்தைந்து ஆசியா கையில் எண்ணி வைத்த பிறகுதான் பத்திரம் என்றேன். உன் அத்தாவுக்கு டீ புரையேறிவிட்டது. அப்சர் எழுந்து வாசல் வரை போனார், கூப்பிடுவோம் என்று செருப்பை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார், யாரும் கூப்பிடவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்தார். இப்படிப் பண்ணினா ஊரு சிரிக்கும் ஆசியா என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். "சிரிக்கட்டும்ண்ணே. ரெண்டு பொண்ணுங்கள நான் தனியாக் கட்டிக்குடுத்தப்ப இந்த ஊர்ல யாரும் அழுவல" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒப்பந்தம் எழுதி, சீட்டெடுத்த பணத்திலிருந்து முப்பதாயிரம் முன்பணம் கொடுத்தோம். ஆசியா தன் பங்கு பத்தாயிரத்தை இரண்டு தடவை எண்ணினாள், பிறகு என்னிடம் கொடுத்து என்னையும் எண்ணச் சொன்னாள். தை மாதம் பத்திரம். இப்போது அப்சர் பள்ளிவாசலில், தங்கையைத் தேடிப் போய்ப் பங்கு கொடுத்தவன் நான் என்று சொல்லிக்கொள்கிறாராம். சொல்லட்டும், கேட்பவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா.

இனி நீ செய்ய வேண்டியது. உன் மூன்று அறுபதை மட்டும் தைக்குள் அனுப்பு. சீட்டுப் பணம் மொத்தம் நாற்பதாயிரம், என் நகையில் பதினாறு பவுன் போட்டால் அறுபத்தைந்தாயிரம், சரியாக வந்துவிடும். நகை போகிறதே என்று எழுதாதே, போட்டுக்கொண்டு நான் எந்தச் சபைக்குப் போகிறேன். பத்திரச் செலவு உன் அத்தாவுடைய நெல் கமிஷன் பணத்திலிருந்து, அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அடுப்படிக் கூரையை மட்டும் சரி பண்ணினால் போதும், மார்பிள் கீர்பிள் என்று எவனாவது சொன்னால் காதில் வாங்காதே. அரபி எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு முப்பதுக்குக் கிடைத்திருக்கும் வீடு. உன்னைக் கேட்காமல் முப்பத்தைந்தாயிரம் கூடச் சொல்லிவிட்டேன், அது உன் நாலு மாதத்து வெயில். ஹஃப்ஸாவிடம் சொன்னேன், நல்லதுதான் மாமி என்றாள், ஆனால் வெயிலில் நிற்பவன் நீ. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம்தான். ஆனால் போனில் வேண்டாம், தபாலிலும் வேண்டாம், மே மாதம் கணக்கை முடித்துக்கொண்டு புறப்பட்டு வந்து, நேரில் நின்று என்னைத் திட்டு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தந்து, பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்க்க எந்நேரமும் துஆ செய்கிற

உன் அம்மா
நெ. ஹமீதா பானு