நேர்ந்துவிடாத எலி

ஹைதராபாத்
22.02.2026, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.10
அறையில் எலி 48, ஆள் 1

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் சரியில்லை. நீ, அம்மா, தாத்தா எல்லாரும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் உன் சுகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அம்மா புதன்கிழமையே சொல்லிவிட்டாள், அதனால் நேரே விஷயத்துக்கு வாரேன். நீ போனுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் கிடையாது, இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நான் எழுதுவதெல்லாம் எலியின் எடையும் வயதும்தான். நீ ஆறாம் வகுப்பு, என் கோழிக்கிறுக்கலைப் படித்துவிடுவாய். புரியாத இடத்தை அம்மாவிடம் கேள். ஆண்டிச்சாமி மாமாவிடம் கேட்காதே, உன் மாமா எப்படிப் படிப்பார் என்பது கீழே வருகிறது.

சிவராத்திரிக்கு நம் குலசாமி கோயில் களரிக்கு நான் வரவில்லை, லீவு தரவில்லை. திங்கட்கிழமை காலை இருளப்பசாமி கோயிலில் சுட்டியை வெட்டினார்கள் என்று தாத்தா சொன்னார். போன வருஷம் நீ பள்ளிக்கூட வாசலில் அடுத்தடுத்து விழுந்தபோது அவர் உன் பேரில் நேர்ந்து, காதைக் கத்தரித்து விட்ட ஆட்டுக்குட்டி அது, வேப்பங்குழை ஒடித்துப் போட்டு வளர்த்தது நீ. தண்ணீர் தெளித்ததும் உடனே உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கிவிட்டது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நீ அழவே இல்லையாம், கறியும் தின்றாயாம். கேட்டவர்களிடம், இது தாத்தா நேந்துவிட்டது, எங்கப்பா நேந்துவிட்டது ஹைதராபாத்துல கூண்டுக்குள்ள கெடக்கு, அதுதான் நெசம் என்று சொன்னாயாம். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் பொங்கலுக்கு வந்தபோது என் போனில் நீ பார்த்த படம் ஞாபகம் வந்தது. கறுப்புச் சுண்டெலி, இடது காது ஓரத்தில் சின்னதாக வெட்டு. அதற்கும் உன் நோய்தான் என்று சொன்னதும் நான்தான். நீ ஏன் காதை வெட்டினீர்கள் என்று கேட்கவில்லை, உனக்குத்தான் தெரியுமே, நம் ஊரில் காது கத்தரித்த உயிர் என்றால் யாருக்காகவோ நேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நீ தலையை மட்டும் ஆட்டினாய், எனக்கு அது உறைக்கவில்லை.

மாரி, அது அடையாளம். கூண்டுக்கு நாலு எலி, நாலும் கரிசல் மண் நிறத்தில் ஒன்றுபோல இருக்கும், எது எது என்று தெரிய வேண்டாமா, அதற்காக ஒவ்வொன்றின் காதிலும் ஒவ்வொரு இடத்தில் வெட்டு. நான் எந்த எலியையும் உன் பேரில் நேரவில்லை. நேர்ந்தால் பலிக்கும் என்றால் இந்த அறையில் உள்ள எல்லாவற்றையும் நேர்ந்திருப்பேன்.

இதற்கு நடுவில் உன் மாமா. உரக்கடையில் பொட்டலம் மடிக்கிற பேப்பரில், தசைநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு என்று பெரிய எழுத்தில் பார்த்தாராம், கடையைச் சாத்திவிட்டு அருப்புக்கோட்டைக்குப் போய் சேவும் மிட்டாயும் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாராம். எனக்கும் அந்தப் பேப்பரைப் படம் எடுத்து அனுப்பி, மாப்ளே ஒங்க வேல முடிஞ்சுபோச்சு, பொட்டியக் கட்டுங்க என்றார். நான் கடைசி வரை படித்தேன். எலிகளுக்கு என்ற சொல் கடைசி வரியில், மோட்டார் விளம்பரத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. யாரை நம்புவது என்று இனிமேலாவது தெரிந்துகொள், ஆனால் அவரைத் திட்டாதே, மிட்டாய் கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் போனில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். ஏப்பா, ஒங்க எலிய எப்ப வெட்டுவீக, வெரசா வெட்டுனா எனக்கும் வெரசா சரியாயிருமா என்று கேட்டாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. நான் திரும்பக் கூப்பிட்டபோது நீ வரவில்லை, புதன்கிழமை உன் ஜாமெட்ரி பாக்ஸில் பாகைமானிக்கு அடியில் மாத்திரைகளை அம்மா கண்டுபிடித்தாள். ஏன் முழுங்கவில்லை என்றதற்கு, நேந்தது முடியிற வரைக்கும் மருந்தக் கலக்கக் கூடாது, அம்மை போட்டா நீங்க ஊசி போடுவீகளா என்று அவளையே மடக்கியிருக்கிறாய். வாய் மட்டும் உனக்கு ஒரு நாளும் தளராது.

இப்போது கேள், ஒரு தடவைதான் சொல்வேன். எலி உனக்குப் பதில் கிடையாது. நம் தசை கிழியாமல் பிடித்து வைக்கிற ஒரு சத்தை உடம்பே செய்துகொள்ளும், உன் உடம்பு அதைச் செய்யாது, இந்த எலிகளின் உடம்பும் செய்யாது. அவ்வளவுதான் உனக்கும் அதற்கும் உறவு. ஆனால் அது முப்பது கிராம், கிழிந்த தசையைத் தானே மறுபடி கட்டிக்கொள்ளும், மருந்தே கொடுக்காவிட்டாலும் கிழடாகிறவரை கூண்டுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உன் உடம்பால் அந்த வேகத்துக்குக் கட்ட முடியாது. அதனால் எலிக்குக் கேட்ட மருந்தெல்லாம் பிள்ளைகளுக்குக் கேட்காது, எலியில் தேறியவை எத்தனையோ பிள்ளைகளிடம் தோற்றுவிட்டன. பின்னே எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். எந்த மருந்து விஷம், எது உள்ளே போய் தசையில் நிற்கிறது என்று உன்னை வைத்துப் பார்க்க எவனுக்கும் உரிமை இல்லை, அதனால்தான். நீ கேட்ட அந்த எலிக்குத் தினமும் ஊசி போடுவது நான்தான், ஆனால் அதில் இருப்பது மருந்தா வெறும் உப்புத் தண்ணீரா என்று எனக்கே தெரியாது, தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆமாம், கடைசியில் அதையும் கொன்று தசையை எடுத்துப் பார்ப்போம். மார்ச் ஆறாம் தேதி. வலிக்காமல் மயக்கி, அதன் பிறகுதான். சுட்டியிடம் தண்ணீர் தெளித்தாவது கேட்டார்கள், எலியிடம் யாரும் கேட்பதில்லை. அதைக் கொல்வதால் உனக்குச் சரியாகாது, மாரி. ஒரு கேள்விக்குப் பதில் மட்டும்தான் கிடைக்கும், அந்தப் பதில் மருந்தாகி உன் வயதுப் பிள்ளைகளுக்கு வந்து சேர எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

இன்னொன்று, இதைச் சொன்னால் அம்மா என்னோடு சண்டைக்கு வருவாள், வரட்டும். புதன்கிழமையிலிருந்து நீ மாத்திரை முழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாய். மதுரை டாக்டர் ஒரு நாளும் விடக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார், அதனால் மாமா தினமும் ஆசையாக உரித்துத் தருகிற வாழைப்பழத்துக்குள்தான் அது இருக்கிறது. தீனியில் கலந்து ஏமாற்றிக் கொடுப்பது எலிக்குச் செய்கிற வேலை, என் மகனுக்கு அது வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். நீயே கையில் வாங்கித் தண்ணீர் ஊற்றி முழுங்கு. முகம் உப்புகிறது, வகுப்பில் பன்னு என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மாத்திரைதான் உன்னை இன்னும் கொஞ்ச காலம் சொந்தக் காலில் நிறுத்தி வைத்திருக்கிறது. என்றைக்கும் அல்ல, கொஞ்ச காலம். ஒரு நாள் சக்கர நாற்காலி வரும், அதை நான் மறைக்கப் போவதில்லை, வரும்போது நல்லதாகப் பார்த்து வாங்குவோம்.

களரியில் எவனோ இது தாய் வழி வருகிற நோய் என்று அம்மா காதுபட முணுமுணுத்தானாம். தாய் வழிதான், எலிக்கும் அப்படித்தான், இங்கே எந்தத் தாய் எலியையும் யாரும் ஏசியதில்லை. அடுத்த தடவை எவனாவது சொன்னால் இதை அப்படியே சொல், உனக்குத்தான் வாய் இருக்கிறதே.

உன் அப்பனுக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது, ஆனால் ஒன்றை மட்டும் இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்த வேலையை விட்டு இங்கே வந்தபோது, உன் நோய்க்குப் பக்கத்தில் இருப்பது உனக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி என்று நினைத்தேன். அப்படி இல்லை. காலையில் ஒவ்வொரு எலியாகக் கம்பியில் தொங்கவிட்டு எத்தனை நொடி பிடிக்கிறது என்று பார்க்கிறேன், பிடி விட்டால் விழுவதற்குக் கீழே மெத்தென்று பஞ்சு போட்டிருக்கிறோம். பள்ளிக்கூட வாசலில் உனக்குச் சிமெண்டுத் தரை. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நீ எழுந்திருப்பாயே, அப்போது பக்கத்தில் நிற்கிறது எவன் என்று இங்கிருந்து நினைத்துக்கொள்வேன். உன் கெண்டைக்கால் சின்ன வயசில் திரண்டு நின்றபோது மாமா கபடிக்காரன் காலு என்று தொட்டுத் தொட்டுக் காட்டுவார், அது வீக்கம் என்று தெரியாத அந்த நாட்கள் எனக்கு இப்போது வேண்டும்போல இருக்கிறது. சனி ஞாயிறு கூடத் தீனி வைக்கிற சாக்கில் இந்த அறைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறேன், விடுதியில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பையன் படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்கும், அதைக் கேட்க முடியவில்லை. பொங்கலன்று கண்மாய்க் கரைக்குப் போகும்போது நீ ஒன்று சொன்னாய், நீங்க எப்பவும் முன்னால போயிட்டு அங்கிட்டு நின்னு வாடா வாடாம்பீக என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் அதை ஒரு நாளும் விடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் கால் நீட்டிச் செய்கிற பயிற்சியை விடாதே, அம்மா பிடித்தால் வலிக்கிறது என்றால் தாத்தாவைப் பிடிக்கச் சொல், அவர் கை பதமாக இருக்கும். ராத்திரி கால் பட்டையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் எறியாதே. இருளப்பசாமி துணை என்று எழுதச் சொல்லித் தாத்தா கேட்பார், எழுதிவிட்டேன், சுட்டி போனதற்கு அவரிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசு, அவருக்கு உன்னைவிடக் கஷ்டம். நீ நன்றாக இரு, நல்ல மனசோடு இரு, வாயைக் கொஞ்சம் குறை. மாத்திரையை மறக்காதே.

உன் அப்பா,
த. மாதவன்

இனிமேல் நான் செய்யப்போவது:

1. இதை நாளைக் காலையில் விரைவுத் தபாலில் போடுவேன்.
2. மார்ச் ஆறாம் தேதி அந்த எலியை வேறு ஆளிடம் விடாமல் நானே கையில் எடுப்பேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன்.
3. ஊசியில் இருந்தது மருந்தா உப்புத் தண்ணீரா, கேட்டதா கேட்கவில்லையா என்று தெரிந்த அன்றே உனக்குச் சொல்வேன். சிக்னல் இல்லை என்று சொல்ல மாட்டேன்.
4. அடுத்த எலிகளுக்கு வேறு ஆளைப் பழக்கிக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் மொத்தமாக ஊருக்கு வாரேன். பழைய இடத்தில் ஆள் தேவையாம், பேசிவிட்டேன்.
5. பரளச்சி பஸ் ஸ்டாப்பில் இறங்குவேன், நீ அங்கே வந்து நில். வீடு வரைக்கும் நடப்போம், வழியில் நீ எத்தனை தடவை உட்கார்ந்தாலும் சரி.
6. முன்னால் போக மாட்டேன்.